கொடிமரத்துக்கும் பாய்மரத்துக்கும் நடுவே

பக்கத்து வீட்டில் யாரோ பானை வாயைக் களிமண்ணால் மூடுகிறார்கள். அந்த ஈர வாசனை சுவர் தாண்டி வந்ததும், இன்று கடலுக்குள் கிடக்கிற எங்கள் மணல்திட்டுக்கு மனசு ஓடிவிட்டது.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே முப்பது குடிசைகள். ஐப்பசிக் காற்று கூரையைப் பிடுங்கினாலும் மணலுக்குள் இருப்பதைத் தொடாது என்பதால், மழைக்கு முன்பே வீட்டுக்கு ஒரு பானையில் அவலும் கருவாடும் உப்பும் போட்டு, வாயை அப்பி, இடுப்பாழத்தில் புதைப்போம். மேடு நகர்ந்துவிடும் என்பதால், வலை போட்ட இடத்தைக் குறித்துக்கொள்வதுபோல, முதுகுக்கு நேரே ஒன்று, மூக்குக்கு நேரே ஒன்று என்று தூரத்தில் அசையாமல் நிற்பவற்றை நேர்பார்த்து அடையாளம் வைப்பார்கள்.

ஒரு வருஷம் எங்கள் பானையைப் புதைத்தவர் சித்தப்பா. புயல் ஓய்ந்து, வீட்டில் பிடி அரிசிகூட இல்லாமல் நாங்கள் சுற்றி நின்றபோது, அவர் ஏரிக்கு அக்கரை ஒல்லாந்துக் கோட்டையின் கொடிமரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கடலைப் பார்த்துக் கண்ணைக் கசக்கினார்.

"மூக்குக்கு நேரா இன்னாடா அடையாளம் வச்ச?" என்றார் நைனா.

"ஒல்லாந்துக்காரன் கப்பலுண்ணா."

அதுவோ மழைக்காற்றுக்குப் பயந்து எப்போதோ நங்கூரம் தூக்கியிருந்தது.

அம்மா தலையில் அடித்துக்கொண்டே சிரித்தாள். பனைமட்டையாலும் சிப்பியாலும் வெறுங்கையாலும் ஊரே சிரித்துச் சிரித்துத் தோண்டியதில் திட்டெல்லாம் நண்டு வளையாகிப்போனது. எங்கள் பசிக்கு, ஊரார் தங்கள் பானையிலிருந்து ஆளுக்கொரு பிடி அவல் தந்தார்கள். மறுநாள் பொன்னேரி மாமன் வீட்டுக்குப் போக நைனா எங்களைப் படகேற்றினார். சித்தப்பா குழியைவிட்டு ஏறவில்லை.

"போதும், வாடா!"

"நீங்க முன்னாடி போங்கண்ணா, கப்பல் திரும்பி வந்ததும் பானையோட வந்துடறேன்!"