கொச்சிக்காய்ப் பாத்திகளுக்கு நடுவே எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடமாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் பலர், நினைவு மலர் ஒன்று வெளியிடவில்லையா என்று கேட்டார்கள். அப்போது எழுதுவதற்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை. இப்போதும் பெரிதாக இல்லை. ஆயினும் ஆட்டைத் திவசத்துக்கு வருபவர்களின் கையில் அக்காவைப் பற்றி நாலு வரியாவது கொடுக்காமல் விடுவது சரியாகப் படவில்லை. அதனால் அவருடைய ஒரே தங்கையான நான் இதனை எழுதுகிறேன்.

அக்கா மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். இனக்கலவரத்தில் தமிழர்களை அடித்து விரட்டிய காலத்தில் அப்பாவும் அம்மாவும் கைக்குழந்தையாயிருந்த அவரைத் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்து, தர்மபுரத்தில் ஒரு துண்டு வளவில் குடியேறினார்கள். நான் இங்கேதான் பிறந்தேன். எங்களுக்கென்று வயலோ தோட்டமோ இருக்கவில்லை. அப்பா மற்றவர்களின் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் அக்காவும் மிளகாய்ப்பழம் பிடுங்கப் போவார். திரும்பி வரும்போது விரல்களெல்லாம் எரியும். அந்தக் கையால் என்னைத் தொடமாட்டார். முழங்கையால்தான் என் தலைமயிரை ஒதுக்கிவிடுவார்.

ஊரில் எல்லோரும் மிளகாய் என்று சொல்ல, அக்கா மட்டும் அம்மாவின் மலைநாட்டுச் சொல்லை விடாமல் கொச்சிக்காய் என்றே சொல்வார். வகுப்புப் பிள்ளைகள் அதற்குச் சிரித்தார்கள். அக்கா அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

உழவு இயந்திரம் ஓட்டிய அத்தானை அக்கா விரும்பித்தான் மணந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசி யுத்தத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்து போன வழியில், எறிகணைத் துண்டொன்று அத்தானின் முதுகுத்தண்டில் பாய்ந்தது. அன்றிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மாவையும் அப்பாவையும் அதே வழியில்தான் இழந்தோம். அதை இங்கே எழுத என்னால் முடியாது.

யுத்தம் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை புதராய் மண்டியிருந்தது. ஒரு தகரக் கொட்டில் போட்டார்கள். அத்தான் அதற்குள்ளே முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். யாருடனும் கதைப்பதில்லை. சாப்பாட்டையும் பாதியில் தள்ளிவைத்துவிடுவார். மனிதர் இப்படியே போய்விடுவார் என்று அக்கா பயந்தார்.

அந்த மாரிக்குத்தான் அக்கா வளவில் கொச்சிக்காய் வைத்தார். சும்மா வைக்கவில்லை. பனங்குற்றிகளை அடுக்கி மண் நிரப்பி, சக்கரக் கதிரையில் இருப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் பாத்திகளைக் கட்டினார். சக்கர நாற்காலி மண்ணில் புதையாமல் ஓட, இடிந்த வீட்டின் கல்லுடைசல்களைச் சுமந்து வந்து பாத்திகளுக்கு நடுவே பரப்பினார். உதவிக்குப் போன எனக்கே இரண்டாம் நாள் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. எல்லாம் முடிந்ததும் அத்தானைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

“இஞ்சேருங்கோ, நாத்து வாடுது. நான் தண்ணி அள்ளிக்கொண்டு வாறன். நீங்கள் நட்டுக்கொண்டிருங்கோ.”

“என்னாலை ஏலாதப்பா.”

“கைக்கு ஒண்டுமில்லைத்தானே?”

அத்தான் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்றைக் கையில் எடுத்தார்.

செடிகள் பூத்துக் காய்க்கத் தொடங்கியபோது அவருடைய கதைபேச்சும் திரும்பி வந்தது. களை பிடுங்குவதும் காய் பறிப்பதும் அவர் வேலை. கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றுவது அக்காவின் வேலை. பச்சைக் காய் சந்திக் கடைக்குப் போகும். மிஞ்சியதை அக்கா மோரில் ஊறவைத்துக் காயவிடுவார்.

ஒரு கோடையில் செடிகளுக்குக் குருமன் நோய் பிடித்தது. இலைகள் சுருண்டு, குருத்துக் கருகியது. பக்கத்துக் காணியில் பெரிதாக மிளகாய்த் தோட்டம் செய்பவர், நாங்கள் அண்ணை என்று அழைப்பவர், வேலியில் வந்து நின்றார்.

“தங்கச்சி, உங்கட வளவிலயிருந்துதான் என்ர தோட்டத்துக்கும் வருது. மருந்தடியுங்கோ.”

“மருந்தடிச்சா இவருக்கு மூச்சு முட்டும் அண்ணை. நெஞ்சுக்குள்ளயும் ஷெல் துண்டு கிடக்கு.”

“அப்ப என்ர செடியள் சாகட்டோ?”

அக்கா வேலியை விட்டுத் திரும்பி நடந்தார். அன்று பின்னேரமே ஒரு செடி விடாமல் பிடுங்கினார். எரித்தால் அந்தப் புகையும் அத்தானின் நெஞ்சைக் காந்தும் என்று, குழி வெட்டிப் புதைத்தார். பிஞ்சும் பூவுமாய் நின்றவை. பாத்திகள் மாரி வரைக்கும் வெறுமையாய்க் கிடந்தன. அண்ணையின் தோட்டமும் தப்பவில்லை. மருந்தடித்தும் முழுவதும் போயிற்று. மழை தொடங்கியதும் அவர் ஒரு கட்டு நாற்றைக் கொண்டு வந்து வேலிப் படலையடியில் வைத்தார். “மிஞ்சினது, நடுங்கோ” என்றார். அக்கா வாங்கி நட்டார்.

பிறகுதான் அக்காவின் கால்கள் வீங்கத் தொடங்கின. வெயிலில் நிற்பதால் என்று நினைத்தோம். சிறுநீரகம் இரண்டும் பழுது என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இரத்தம் சுத்திகரிக்க வவுனியாவுக்குப் போகவேண்டும். போகும் நாட்களில், வழியில் ஓமந்தையில் இருக்கும் என் வீட்டில் தங்குவார். அண்ணையும் அவருடைய மனைவியும் அத்தானைப் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீரைக்கூட அளவோடு குடிக்கும்படி வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். அக்கா வாய் காய்ந்தபடியே வீட்டுக்குப் போய்ச் செடிகளுக்கு ஊற்றுவார்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் சொன்னேன்.

“அக்கா, சொந்தத்தில ஆரும் ஒரு சிறுநீரகம் குடுத்தா மாத்தலாமாம். நான் தாறன்.”

“வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்தனாங்கள். தண்ணியாலைதான் இந்த வருத்தம் எண்டு சொல்லுகினம். நாளைக்கு உனக்கும் வந்தா? உன்ர பிள்ளையள் சின்னன்.”

“அப்ப அத்தான்ர நிலைமை என்ன?”

அக்கா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “எனக்குக் களைச்சுப்போச்சுது பிள்ளை. உன்னட்டை மட்டும் சொல்லுறன். அவரிட்டைச் சொல்லிப்போடாதை.”

அக்கா களைப்பென்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அக்காவுக்குச் சொல்லாமல் நான் பரிசோதனைக்குப் போனேன். எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் கொடுக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வந்து சொன்னபோது அக்கா என்னை ஏசவில்லை. “அப்ப சரி, இனி அந்தக் கதை வேண்டாம்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கோ அழுகை வந்தது.

அதற்குப் பிறகு வந்த மாரிக்கும் பாத்திகளைக் கொத்தினார். கொஞ்சம் கொத்துவார், இருப்பார், மறுபடி கொத்துவார். காய் பிடித்த நேரத்தில் மூச்செடுக்கக் கஷ்டப்பட்டு வார்ட்டில் சேர்த்தோம். ஒரு காலையில், நான் தேத்தண்ணி வாங்கி வருவதற்கிடையில் போய்விட்டார். அத்தானுக்கு எப்படிச் சொல்வது? தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அண்ணைக்குத்தான் அழைப்பு எடுத்தேன். அவர் போய் அத்தானுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறார். நாங்கள் அக்காவைக் கொண்டு வரும்வரை அந்த இடத்தை விட்டு எழும்பவில்லையாம்.

அக்காவுக்கு ஊசியேற்றிய கைகளுக்கும், இருக்க இடம் கொடுத்த பஸ் நடத்துநர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், தூரத்திலிருந்து அழைத்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணைக்கும் அவருடைய மனைவிக்கும் நன்றி என்ற சொல் போதாது. இருந்தும் அதையே எழுதுகிறேன்.

ஓமந்தைக்கு வந்து எங்களோடு இருக்கும்படி அத்தானைப் பலமுறை கேட்டோம். “கொஞ்சம் போகட்டும் பிள்ளை” என்கிறார். இந்த மாரிக்கும் நட்டிருக்கிறார். அண்ணை தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார். நான் சனிக்கிழமைகளில் போய்வருகிறேன். போவதும் வருவதும் களைப்புத்தான்.

திவசத்தன்று மதியம் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டே போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சம்பலும் மோர் மிளகாயும் அத்தான் வளவில் பறித்த காயில் செய்தவை. நன்றாக உறைக்கும். கண்ணில் நீர் வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று ஒருவரும் கேட்கமாட்டோம்.