டிரைவர் கேபின் வைத்த விமானம்

என் மாமனார் நீலமேகம் காசிமேட்டில் இரும்புப் படகுகளுக்கு வெல்டிங் வைப்பவர். திருவொற்றியூர் குப்பத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு நான் பெண் பார்க்கப் போனபோது, எனக்குப் போட்ட நாற்காலிக்கு நேர் மேலே கூரையை ஒட்டி, குட்டைச் சங்கிலியில் ஒரு விமானம் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புத் தகட்டில் அவரே செய்தது. கேஸ் சிலிண்டர் கனம் இருக்கும். கொக்கி தாங்குமா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தேன். பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை.

அது குடும்பச் சொத்து, தனக்குப் பிறகு மகள் ஜோதிகாவுக்கு, அவளுக்குப் பிறகு அவள் பிள்ளைகளுக்கு என்று நிச்சயதார்த்தத்தன்றே சபையில் சொல்லிவிட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அடியிலிருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாது. சக்கரம், சக்கரம் மடங்கும் கதவு, றெக்கைக்கு அடியில் இன்ஜின் எல்லாம் அச்சு அசல். சாப்பாட்டு நேரத்தில் படகுத் தளத்தில் மல்லாந்து படுத்து, தலைக்கு மேல் போகிற விமானங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தது. மேல்பக்கத்தை அவர் பார்த்ததில்லை. அதனால் அங்கே விசைப்படகுக்கு வைப்பதுபோல ஒரு டிரைவர் கேபின் வைத்திருந்தார். நான்கு பக்கமும் ஜன்னல், நீலப் பெயின்ட், மேலே ஒரு கொடிக்கம்பம்.

"ஏன் மாமா, ஃபோட்டோ பாத்து செஞ்சிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"ஃபோட்டோ பாத்து செய்றவன்லாம் வேலக்காரனா?" என்றார்.

காசிமேட்டில் வரைபடம் வைத்துப் படகு கட்டுகிற வழக்கம் இல்லை. கண்ணளவுதான், கையளவுதான். ஆனாலும் ஊர் விடுமா? மீனை எங்கே கொட்டுவீர்கள், வலையை எந்தப் பக்கம் வீசுவீர்கள் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். மருமகன் என்ற உரிமையில் நானும் நிறையவே கேட்டிருக்கிறேன். ஊர் சிரித்ததால்தான் அவர் அதை முதலிலேயே கூரையோடு கூரையாக மாட்டி வைத்திருந்தார். அப்படி மாட்டினால் அடிப்பக்கம் மட்டும்தான் தெரியும்.

கேபினுக்கு நீலப் பெயின்ட் அடித்தது என் மாமியார் மங்கை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு விமானத்தை இறக்கி, பொட்டு வைத்து, கேபினுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிப்பார். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. ஜோதிகா செய்யவிடவில்லை. அம்மா கடைசியாக அடித்த பெயின்ட் அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அம்மாவைத்தான் விமானத்தில் ஏற்ற முடியவில்லை, நைனாவையாவது ஏற்றிவிட வேண்டும் என்று போன மாதம் மதுரைக்கு டிக்கெட் எடுத்தாள். மூன்று பேரும் கிளம்பினோம். விமான நிலையத்தின் மாடியில் பெரிய கண்ணாடி. கீழே விமானங்கள் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மாமனார் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதற்கும் கேபின் இல்லை. எல்லாம் வழவழவென்று மொட்டையாக இருந்தன.

நல்ல வாய்ப்புதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை. மதுரைக்குப் போகும்போதும், மீனாட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் விமானத்தைச் சங்கிலியோடு இறக்கித் தரையில் வைத்தார். கிரைண்டரை எடுத்துவந்து பிளக்கில் சொருகினார். ஜோதிகா ஓடிவந்து கேபினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நைனா, இத்த அறுத்த, நான் மனுஷியா இருக்க மாட்டேன். அம்மா கை பட்டது இது ஒண்ணுதான் கீது."

"தள்ளிக்கோ."

"தப்பா இருந்தா இருந்துட்டு போவட்டும் நைனா!"

மாமனார் கிரைண்டரைக் கீழே வைத்தார். "தப்பு என்னுதுன்னு நெனச்சிகினு கீறியா? மேல இன்னா வெக்கிறதுன்னு தெரியாம நான் முழிச்சிகினு இருந்தேன். உங்கம்மாதான், ஓட்றவன் எங்கய்யா குந்துவான், கேபின் வைய்யான்னா. வெச்சேன்."

ஜோதிகா அவரையே பார்த்தாள். "அத்த ஏன் நைனா இத்தினி வர்சமா யார்கிட்டயும் சொல்லல?"

"என்னப் பாத்து சிரிச்சானுங்கோ, சிரிச்சிட்டு போறானுங்கோ. அவளப் பாத்து சிரிக்க வுடுவனா?"

எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"அப்ப கிரைண்டர் எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சங்கிலி குட்டையா கீது மாப்ள. அத்த அறுத்துட்டு நீட்டா ஒண்ணு போடணும். ஏர்போர்ட்ல அத்தினி ப்ளேனு நிக்குது, ஒண்ணுத்துலயும் அவ சொன்னது இல்ல. இதுல மட்டும்தான் கீது. எல்லாரும் பாக்கட்டும்."

அறுத்தார். படகு நங்கூரச் சங்கிலியில் ஒரு துண்டை வைத்துப் பற்றவைத்தார். இப்போது விமானம் நடுவீட்டில் நெஞ்சு உயரத்தில் தொங்குகிறது. உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுவது நீலக் கேபின்தான். இது யார் யோசனை என்று அவரே எல்லோரிடமும் சொல்கிறார். சமையலறைக்குப் போக வேண்டும் என்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நேற்றுக்கூட றெக்கை என் விலாவில் இடித்தது. விலாவைத் தடவிக்கொண்டே சுற்றிப் போனேன்.