மேடம் தேடிய பையன்

மேடத்தின் கார் டிக்கியில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வெளியே தூதரகத்து நீல எண் பலகை, உள்ளே தேய்ந்துபோன செருப்பு. காவல் நிலையமோ, மருத்துவமனையோ, பிணவறையோ, எங்கே போனாலும் தோல் ஷூவைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டுதான் இறங்குவார். நல்ல ஷூவோடு போய் நின்றால் அழுகிறவர்கள் நம்மைப் பார்த்து அழுகையை அடக்கிக்கொள்கிறார்கள் என்பார்.

தூதரக வேலை என்றால் விருந்தும் கைகுலுக்கலும் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த எனக்குச் சென்னையில் ஒரு துணைத் தூதரகத்தில் வேலை கிடைத்ததும், அம்மா சர்ச்சில் எழுந்து கர்த்தருக்கு நன்றி என்று சாட்சியே சொல்லிவிட்டாள். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். கிழக்கே இருக்கும் நாடு, ஒரகடம் பக்கம் அவர்களுடைய கம்பெனிகள் நிறைய, அது போதும். தன் நாட்டுக்காரருக்கு இங்கே ஏதாவது ஆனால் போய் நிற்பது அங்கே அதிகாரியாக இருந்த மேடத்தின் வேலை. அவர் பேசுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர், பைக்கில் அடிபட்டவர், குடித்துவிட்டு வாட்ச்மேனோடு மல்லுக்கு நின்றவர் என்று நாள் ஓடும். உலக அரசியல் எதையும் நான் அங்கே பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் அவர்கள் நாட்டு இளம் இன்ஜினியர் ஒருவர் காணாமல் போனார். பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடப் போகிறேன் என்று அரைக்கால் சட்டையோடு கிளம்பியிருக்கிறார். போன், பர்ஸ், மூக்குக் கண்ணாடி எல்லாம் அறையில் கிடந்தன. திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு ஆள் வராத பிறகுதான் தேடவே ஆரம்பித்தார்கள். அடுத்த விமானத்தில் அப்பாவும் அம்மாவும் வந்து இறங்கினார்கள். ஒரே பிள்ளை.

மேடம் அவர்களை ஹோட்டலில் உட்காரவைக்கவில்லை. உட்கார்ந்தால் உடைந்துபோவார்கள் என்று கூடவே அழைத்துக்கொண்டார். ஏரிக்கரை, சர்வீஸ் ரோடு, சேரப்பணஞ்சேரி வரைக்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினோம். மகனின் படம் போட்ட நோட்டீஸை அந்த அம்மாவே இரண்டு கையாலும் நீட்டிக் குனிவார். ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று நான் கேட்பேன். போலீஸும் அப்படித்தான் கேட்டிருந்தது. எல்லாரும் பரிதாபப்பட்டு, தண்ணீர் கொடுத்து, இல்லை என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒவ்வொரு கடையை விட்டு இறங்கும்போதும் அந்த அம்மா மேடத்தின் முகத்தைப் பார்ப்பார். பிழைத்திருப்பான் என்று ஒரு வார்த்தை சொல்லேன் என்று கெஞ்சுகிற பார்வை அது. தெரியாததை மேடம் சொல்லமாட்டார். எனக்கு அவர்மேல் கோபமாகக்கூட வந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். பெற்றவர்கள் காரிலேயே இருந்தார்கள். மேடம் வியர்த்துக் கொட்டி, தொப்பியும் ரப்பர் செருப்புமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைக்கார அக்கா அவரிடம் கிளாஸை நீட்டி, "கானா காயா?" என்று இந்தியில் சாப்பாட்டை விசாரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு எந்த ஹாஸ்டல்ல கீது? புதுசா வந்துகீதா? அஸ்ஸாமா, மணிப்பூரா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் சிரிப்பு. மேடத்துக்கும் சொன்னேன்.

மேடம் சிரிக்கவில்லை. கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு, "வெளிநாட்டுக்காரரைக் கேட்காதே. என்னை மாதிரி முகமுள்ள கூலிக்காரப் பையன் யாருக்காவது ஏதாவது ஆனதா என்று கேள்" என்றார்.

கேட்டேன். "ஆமா, ஒரு பையன். ஏரியாண்ட ஓடிகினு இருந்தான், அப்டியே வுழுந்துட்டான். எங்க வூட்டுக்காருதான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டாரு."

நோட்டீஸைக் காட்டினேன். கோட்டு, டை, கண்ணாடி போட்ட படம். அக்கா வெகுநேரம் பார்த்தாள். "இது ஆபீசர் மாதிரி கீதே. அது நம்ம இந்திக்காரப் பையன்னு இல்ல நெனச்சிகினு இருந்தோம். போலீஸு வெளிநாட்டுக்காரனைத்தானம்மா கேட்டாங்க?" அவளை என்ன சொல்வது? வெளிநாட்டுக்காரன் என்றால் வெள்ளைக்காரன் என்றே எங்கள் ஊர் மொத்தமும் நினைத்துக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் கொண்டுபோன அரசு மருத்துவமனையில் அன்று பணியிலிருந்த நர்ஸ் அவரை நன்றாக நினைவு வைத்திருந்தார். கொண்டுவந்த அன்று ராத்திரி வரை உயிர் இருந்ததாம். "ஏதோ சொல்லிகிட்டே இருந்தாரும்மா. ஒடிசாப் பையன் ஒருத்தனக் கூட்டியாந்து கேட்டோம். அவனுக்கும் புரியல." இதை நான் மேடத்திடம் சொன்னேன். மேடம் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னார். அந்த அம்மா கத்தவில்லை. வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த மொழியைத்தான் அந்தப் பையன் ராத்திரிவரை பேசியிருக்கிறான். என் வீட்டிலிருந்து அந்த மருத்துவமனை ஒரு பஸ் ஏறும் தூரம்தான்.

பிணவறையில் மகனை அப்பா அடையாளம் காட்டினார். பக்கத்து மேடையில் இன்னொரு பையன் கிடந்தான். அதே வயது, கிட்டத்தட்ட அதே முகம். இரண்டு பேருக்கும் காலில் கட்டியிருந்த சீட்டில் ஒரே வாசகம்: பெயர் தெரியாத வட மாநிலத் தொழிலாளி. மேடம் ஒன்றை மட்டும் அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அங்கேயே நின்றார். "இவரை யார் தேடுகிறார்கள்?" என்று கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அங்கிருந்த ஊழியர் என்னைத்தான் பார்த்தார். "இவனுக்கு யாரும்மா வருவா? கொஞ்ச நாள் வெச்சிப் பாத்துட்டுப் பொதச்சிடுவாங்க." மேடம் வேறொரு நாட்டின் அதிகாரி. அந்தப் பையனுக்காக ஒரு கையெழுத்துப் போடக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. இது அவன் நாடு, என் நாடு.

மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது வேறு ஏதோ கண்டத்தில், வேறு யாருடைய அப்பா அம்மாவோடோ அலைந்துகொண்டிருப்பார். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். எப்போதாவது போன் செய்வார். என் அம்மாவை விசாரிப்பார், வெயிலை விசாரிப்பார். வைப்பதற்கு முன்னால், அந்த இன்னொரு பையனைத் தேடிக்கொண்டு யாராவது வந்தார்களா என்று கேட்பார்.

இல்லை மேடம் என்று அவருடைய மொழியில் சொல்வேன்.