மஞ்சளடிக்கும் வெள்ளை

நெருப்பெரிச்சல் என்னும் ஊரில் ஒரு பனியன் கம்பெனியில், அச்சிட வேண்டிய படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் பிரித்துக் கொடுப்பவள் சனோபர்; தாராபுரத்துக்காரி. சாயமேறி வரும் துணியின் ஷேடைப் பார்த்துச் சரி சொல்வதும் அவள் பொறுப்பே. பிசிறு வெட்டும் மேசையிலிருந்து ஏறி வந்தவளாதலால், தன் நாற்காலியின் உயரத்தை நன்கறிவாள்.

2007ஆம் ஆண்டுக் கோடையில் கண்கள் எரியத் தொடங்கின. மாலையானால் மணல் விழுந்தாற்போல் உறுத்தின. முதலாளி இரக்கமுள்ளவர். "கண்ணு முடியலீன்னா மறுபடியும் பிசிறு வெட்டப் போயிரு அம்மிணி" என்று ஆறுதல் கூறினார்.

சனோபர் அன்றே கண்ணாடிக் கடைக்குப் போனாள். திரையின் நீல ஒளியைத் தடுக்குமென்று சொல்லி, மஞ்சள் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள். கண்ணுக்கு இதமாக இருந்தது. உறக்கத்தில் தவிர அவள் அதைக் கழற்றவில்லை.

அவ்வாரமே வெள்ளை பனியனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. ஆர்டர் கொடுத்த பையர், நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் துணித்துண்டு எதுவும் அனுப்பவில்லை. தூய வெள்ளை வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தார். மறுநாள் மாலைக்குள் மாதிரித் துணி கூரியரில் போகாவிட்டால் ஆர்டரும் போய்விடும். அதனுடன் அவள் நாற்காலியும்.

காலையில் சாயப்பட்டறை மாஸ்டர் குமாரசாமி துணியோடு வந்தார்.

"மஞ்சளடிக்குதுங்க மாஸ்டர்."

நீலம் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இன்னும் மஞ்சளடிக்குதுங்க."

மூன்றாம் முறை வியர்வையோடு வந்தார். "இதுக்கு மேல நீலம் போட்டா அது பனியன் இல்ல கண்ணு, வானம்."

"கண்ணாடி போட்டுப் பாத்துத்தானுங்க சொல்றேன்" என்ற சனோபர், ரோசத்தோடு கண்ணாடியைக் கழற்றி, அந்தத் துணியாலேயே துடைத்தாள். துடைத்த கை நின்றது. கையில் இருந்தது வெளிர்நீலத் துணி.

குமாரசாமி கண்ணாடியை வாங்கித் தாமும் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். இருவரும் முதலாளியின் அறைப்பக்கம் ஒருமுறை நோக்கினர்.

"மொதல்ல கொண்டாந்த துணி இருக்குதுங்களா மாஸ்டர்?"

"பத்திரமா இருக்குது. இதையும் ஆகாதுன்னா அதையே மறுபடி காட்டலாம்னு வெச்சிருந்தேன்."

அதுவே மாலையில் கூரியரில் போயிற்று. ஆர்டர் நிலைத்தது, நாற்காலியும் நிலைத்தது.

இன்றும் திரைமுன் அவள் மஞ்சள் கண்ணாடியோடுதான் அமர்கிறாள். துணி வந்தால் மட்டும், பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் அதைக் கழற்றி வைக்கிறாள். மறந்தால், குமாரசாமி "கண்ணு!" என்பார். அவர் கூப்பிடுகிறாரா நினைவூட்டுகிறாரா என்று முதலாளிக்கு இதுவரை ஐயம் எழவில்லை.