மாட்டுப் பட்டியிலிருந்து வந்த விருந்தாளி

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மன்னார்குடியில் பிறந்து, சென்னையில் கால்நடை மருத்துவம் படித்து, அமெரிக்காவில், டெக்சாஸின் ரிச்சர்ட்சன் நகரில் என் வீட்டில் கண்ணை மூடினார். நடுவில் ஏழு வருடம் தென் சூடானில் நூயர் என்ற மாடு வளர்க்கும் இன மக்களின் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தார். அவர் கிளம்பியபோது எனக்கு ஆறு வயது. அந்த ஏழு வருடத்தை நெடுங்காலம் நான் மன்னிக்கவே இல்லை. "எங்களைவிட மாடு ஒசத்தியாப்பா?" என்று பெரியவளான பிறகும் குத்திக்காட்டுவேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி மாட்டுக் கதையே சொல்வார்.

மழைக்காலத்தில் வெள்ளம் சூழ, அந்த மக்கள் மேட்டு ஊர்களில் இருப்பார்களாம். வெள்ளம் வடிந்ததும் மாடுகளை ஓட்டிப்போய் ஆற்றோரம் பட்டி போடுவார்களாம். கொசுவுக்குச் சாணப்புகை, பசிக்குப் பால். மாட்டின் ஒவ்வொரு நிறத்துக்கும் அங்கே தனிப் பெயர் உண்டு. அப்பா அவற்றைக் குளிக்கும்போதுகூட ஒப்பிப்பார்.

படுக்கையில் விழுந்த பிறகு அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டார். நான் ஊட்டப்போனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். அப்போதுதான் கட்லுவாக் பார்க்க வந்தார். பட்டியில் அப்பாவுக்கு உதவியாளராக இருந்தவர். போர் துரத்த, டாலஸில் குடியேறியவர். அப்பா அறையிலேயே தயிர்சாதம் பரிமாறி, பக்கத்தில் நின்று உபசரித்தேன். அவர் தட்டைத் தொடவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

அப்பா கண்ணைத் திறந்தார். "கலா, வெளிய போம்மா. அவங்க ஊர்ல வேத்துப் பொம்பளைங்க முன்னாடி ஆம்பளைங்க சாப்பிட மாட்டாங்க. நீ நின்னா நாளைக்கும் இப்படியேதான் உக்காந்திருப்பான். டோரை க்ளோஸ் பண்ணு."

கதவுக்குப் பின்னால் நூயர் மொழியும் சிரிப்பும் கேட்டன. நடுநடுவே என் பெயர். கட்லுவாக் வெளியே வந்தபோது தட்டு காலி. அப்பாவின் உதட்டிலும் தயிர் ஒட்டியிருந்தது. இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டிருந்தார்கள்.

"என்னைப் பற்றி அப்பா என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் விழித்தார். "உங்களைப் பற்றிப் பேசவில்லையே. நான் அவரைக் கூப்பிட்டேன். எங்களிடம் பெரியவர்களை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். பட்டியில் எல்லோருக்கும் அவர் கலாவின் அப்பா."

பிறகு வாராவாரம் கட்லுவாக் வந்தார். அவரோடு அப்பா நாலு வாயாவது சாப்பிட்டார்.

ரசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நண்பர்களுக்கும், கட்லுவாக்குக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அப்பா, அந்த ஏழு வருடத்துக்காக உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதைக் கேட்கத்தான் நீங்கள் இல்லை.

கலா
ரிச்சர்ட்சன்