நாலாவது போல்ட்

இது கதை இல்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தால் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்கிற ரகம் நான். கார் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் கடைசிப் பரிசோதனை சூப்பர்வைசராகக் குப்பை கொட்டியவன். அதுவும் இது நடந்தது பட்டப்பகலில். நம்பாதவர்கள் தாராளமாகப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

எங்களுடையது உள்நாட்டுக் கம்பெனி. அப்பா ஆரம்பித்தார், மகன் ஊற்றி மூடினார். "காருன்னா என்ன பெரிய கம்பசூத்திரமா? நாலு சக்கரம், ஒரு எஞ்சின்" என்று மீட்டிங்கில் திருவாய் மலர்ந்த மகராசன் அவர். ஒரு காரில் முப்பதாயிரம் உருப்படி இருக்கிறது. ஒன்று சொதப்பினாலும் மிச்சமெல்லாம் வெறும் இரும்பு. வெளிநாட்டுக்காரன் கதவு சாத்தும் சத்தத்துக்கே மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டான். நாங்கள் பம்பரை மாற்றிவிட்டு, புது மாடல் என்று ரிப்பன் வெட்டினோம். வாங்குகிறவன் என்ன காதில் பூ வைத்தவனா? அந்தப் பக்கம் போய்விட்டான்.

வியாபாரம் படுத்ததும் டை கட்டிய மூன்று பேர் ஸ்டாப்வாட்சோடு வந்து இறங்கினார்கள். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத கூட்டம். ஸ்டீயரிங்கை அடியில் பிடித்திருக்கும் நாலு போல்ட்டை முடுக்க ஐம்பத்தெட்டு நொடி எதற்கு, நாற்பத்து நாலு போதும் என்றார்கள். லைனில் அந்த வேலையைப் பார்த்தவனுக்கு நான் வைத்த பெயர் கொசு. குறை சொல்லிக் காதோரம் நொய்நொய் என்பான். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் ஸ்பேனரில் முடுக்கும்போது போல்ட் சரியாக இறுகியதும் 'டக்' என்று கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் மஞ்சள் பெயிண்டில் கோடு போட வேண்டும். நேரம் போதாவிட்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம்; மொத்த லைனும் நின்றுவிடும். கொசு ஒரே நாளில் முப்பது தடவை இழுத்தான். மேலிடம் என்னைக் காய்ச்சி எடுத்தது. நானே ஏணி போட்டு ஏறி, கயிற்றைச் சுருட்டி மேலே கட்டினேன்.

"மூணுதான் சார் முடியுது," என்றான்.

"நாலாவத நான் பாத்துக்கறேன். நீ வேலயப் பாரு."

பார்க்கவில்லை. எனக்கும் ஒரு காருக்கு நாற்பத்து நாலு நொடிதான். கையெழுத்துப் போடவே அது சரியாக இருந்தது.

கம்பெனியை இழுத்து மூடிய மறு வாரம், செவ்வாய்க்கிழமை. லைனிலிருந்து வந்த கடைசிக் காரை என் மகளுக்கு எடுத்திருந்தேன். அதற்கும் கையெழுத்து என்னுடையதுதான். மகள் கைக்குழந்தையோடு கேட்டில் காத்திருந்தாள்.

மணி 2.10. ஷெட்டுக்குள் நுழைந்தேன். கரண்ட்டைத் துண்டித்து எட்டு நாள் ஆகியிருந்தது. கூரை ஓட்டைகளில்தான் வெளிச்சம். கொசு நின்ற இடத்தைத் தாண்டும்போது தலையில் ஏதோ உரசியது.

கயிறு.

நான் போட்ட முடிச்சு அவிழ்ந்து, கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. வாட்ச்மேன் சேட்டை என்று திட்டிக்கொண்டே போனேன்.

மணி 2.16. கார் பரிசோதனைக் குழிக்கு மேல் நின்றது. உள்ளே உட்கார்ந்து சாவியைச் செருகினேன்.

டக்.

என் காலுக்குக் கீழே...

டக்.

"யாருய்யா அது?"

டக்.

நாலாவதுக்காகக் காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன் என்று தெரியவில்லை. அது வரவில்லை.

மணி 2.21. செல்போன் வெளிச்சத்தோடு குழிக்குள் இறங்கினேன். அதற்கு ஒரே படிக்கட்டு. அதில் நான்தான் நின்றேன். உள்ளே யாரும் இல்லை.

மூன்று போல்ட்டில் மஞ்சள் கோடு. தொட்டேன்.

ஈரம்.

நாலாவதில் கோடு இல்லை. விரலால் திருப்பினேன்...

திரும்பியது.

வெறும் விரலுக்கே இரண்டு சுற்று. என் மகளும் பேத்தியும் இதில்தான் போக இருந்தார்கள்.

குழியின் விளிம்பில் ஒரு டார்க் ரெஞ்ச் கிடந்தது. எடுத்தேன். கைப்பிடி சூடாக இருந்தது.

முடுக்கினேன்.

டக்.

காதோரம் யாரோ மெதுவாக மூச்சு விட்டார்கள்...

மணி 2.34. காரை வெளியே கொண்டுவந்தேன். மகள் சாவியைக் கேட்டாள். கொடுக்கவில்லை. இது கொசுவின் வேலைதான், உள்ளே ஒளிந்துகொண்டு எனக்கே பூச்சாண்டி காட்டுகிறான் என்று முடிவு கட்டினேன். அவன் நம்பருக்குப் போன் போட்டேன். அவன் மனைவி எடுத்தார். எங்கே உன் புருஷன் என்று எரிந்து விழுந்தேன்.

அவர் சொன்னார். இறந்து ஒன்பது நாள் ஆகிறதாம். வளைவில் ஸ்டீயரிங் திரும்பவில்லையாம்.

எந்த வண்டி என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நம்ம கம்பெனி வண்டிதான் சார். போன மாசம் எடுத்தாரு. நம்பி எடுக்கலாமான்னு கேட்டேன். நாலாவத சூப்பர்வைசர் சார் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு, பாத்திருப்பாருன்னாரு."