வேகம் கூட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்கள்

பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனிடம் வருகிற எல்லோருக்கும் ஒரே குறைதான்: மெதுவாக ஓடுகிறது. மார்த்தாண்டத்தில் கடை போட்ட புதிதில் அதற்கு என்னிடம் ஒரு மருந்து இருந்தது. பிராசசரை, கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே முடுக்கிவிடுவது, ஓவர்கிளாக்கிங் என்பார்கள். அந்த ஆசையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நமக்குள் என்ன ஒளிவுமறைவு.

பூதப்பாண்டி டீச்சர்

சரோஜினி டீச்சர் ஆன்லைனில் டியூஷன் எடுப்பவர். அவருடையது பத்து வருஷக் கம்ப்யூட்டர். மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல், ஆன் செய்ததும் உள்ளே போய் மாற்றுகிற பயாஸ் செட்டிங்கில் வேகத்தை ஒரே தூக்காகத் தூக்கி, வோல்டேஜையும் கூட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வகுப்பு நடுவே மூன்று தடவை தானாக அணைந்துவிட்டது. போய்த் திறந்தால், ஃபேனில் மெத்தை மாதிரி தூசி. சூட்டைக் கடத்த பிராசசர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. சூடு தாங்கவில்லை. டீச்சர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"வேகமாட்டு ஓடும்னுல்லா மக்கா சொன்ன? இப்பம் வேகமாட்டு அணையுது!"

சுயம்பு செய்த விதம்

அதைச் சரிசெய்தது கடையில் என் கூட்டாளி சுயம்பு. முதலில் ஃபைல்களை வேறு டிஸ்கில் எடுத்து வைத்தான். தூசி தட்டி, புது பேஸ்ட் தடவி, பெரிய ஃபேன் மாட்டினான். வோல்டேஜைப் பழையபடி இறக்கினான். வேகத்தை ஒரு படி ஏற்றுவான். கனமான வேலை கொடுத்துச் சூட்டைப் பார்ப்பான். அப்புறம்தான் அடுத்த படி. இரண்டாவது படியிலேயே நிறுத்தி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டான். டீச்சர் வகுப்பு அதன்பிறகு நிற்கவேயில்லை. இன்னொரு படி ஏறுமே என்றேன்.

"ஏறும்லே. ஏறினா தாங்குமாண்ணு தெரியாண்டாமா?"

இனயம் ஸ்டூடியோ

இனயத்தில் கல்யாணம், சவ அடக்கம் எல்லாம் வீடியோ எடுப்பவர் ஜெஸ்டின் அண்ணன். அவர் கம்ப்யூட்டரை முடுக்கிய அன்று சுயம்பு ஊரில் இல்லை. "நாளை வரைக்கும் ஓடவிட்டுப் பாத்துட்டுத் தா," என்றார் அண்ணன். எனக்குத்தான் பொறுமையில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று கொடுத்தனுப்பினேன்.

அந்த வாரம் அங்கே ஒரு மீனவப் பெரியவரின் அடக்கம். அவர் மகள் செலின் குவைத்தில் நர்ஸ், லீவு கிடைக்கவில்லை. அவளுக்காக எடுத்த வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, அதே கேமரா கார்டை அழித்து மறுநாள் அதில் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டார் அண்ணன். ஏற்றும்போதே கம்ப்யூட்டர் தடுமாறி ஃபைல்கள் சிதைந்துபோனது பிறகுதான் தெரிந்தது. நானும் சுயம்புவும் மூன்று நாள் போராடினோம். மீண்டது சில நிமிஷம். மழையில் குடைகளும் முதுகுகளும் மட்டும். தப்பு என்னுடையது என்று செலினுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பாவுக்க முகம் அதுல எங்கயுமே இல்லியா அண்ணே?"

இப்போதும் யாராவது வேகம் கேட்டு வந்தால் செய்துதான் கொடுக்கிறேன். ஆனால் என்னளவுக்கு மெதுவாக வேலை செய்கிற ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது.